"மறைக்க என்ன இருக்கு சார்?" – கம்ப்யூட்டர் உள்ள வீடுகளில் கேட்கும் ஆறு வசனங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீட்டில் முதல் வாரம் முழுவதும் ஆலோசனைகளுக்குக் குறைவிருக்காது. அசெம்பிள் செய்து கொடுத்தவர் ஒன்று சொல்வார். இன்ஜினியரிங் படிக்கும் அண்ணன் மகன் வேறொன்று சொல்வான். "இதெல்லாம் பார்த்தால் ஒன்றும் செய்ய முடியாது சார்" என்று அலுவலக நண்பர் முடித்து வைப்பார். எந்த பிராசசர், எவ்வளவு ராம் மெமரி என்று பத்து பேரிடம் கேட்கும் நாம், இந்த ஆலோசனைகளை மட்டும் அப்படியே ஏற்றுக் கொள்கிறோம். ஆனால், நம் வீட்டில் கம்ப்யூட்டர் எப்படிப் பயன்படப் போகிறது என்பதை பிராசசரைக் காட்டிலும் இவைதான் தீர்மானிக்கின்றன.

அடிக்கடி காதில் விழும் ஆறு வசனங்களை இங்கே எடுத்துக் கொண்டுள்ளோம். இவற்றில் எதுவும் முழுப் பொய் இல்லை. ஒவ்வொன்றிலும் ஓரளவு உண்மை உண்டு. அந்த உண்மை எந்த இடத்தில் முடிந்து போகிறது என்று பார்க்கலாம்.

1. "என்னிடம் மறைக்க என்ன இருக்கிறது?"

நேர்மையாக வாழ்பவர்கள்தான் இதனை அதிகம் சொல்கிறார்கள். லஞ்சம் வாங்கவில்லை, யாரையும் ஏமாற்றவில்லை, பிறகு எதற்குப் பயம் என்பது இவர்கள் வாதம். ஆனால் நம் வீட்டு பீரோவைப் பூட்டி வைப்பது திருட்டுப் பொருள் உள்ளே இருப்பதற்காகவா? டாக்டரிடம் பேசும்போது அறைக் கதவைச் சாத்துகிறோம். அதற்காக நாம் ஏதோ குற்றம் செய்துவிட்டோம் என்று யாரும் நினைப்பதில்லை.

இன்டர்நெட்டில் நாம் விட்டுச் செல்லும் தகவல்கள் தனித்தனியாகப் பார்த்தால் சாதாரணமானவை. ஒன்று சேர்த்தால்தான் அவை யார் என்று பேசத் தொடங்கும். 2006-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் அமெரிக்காவின் ஏ.ஓ.எல். நிறுவனம், ஆய்வாளர்களுக்குப் பயன்படும் என்று எண்ணி, தன் வாடிக்கையாளர்கள் சுமார் 6 லட்சத்து 50 ஆயிரம் பேர் மூன்று மாதங்களில் தேடிய சொற்களை வெளியிட்டது. ஏறத்தாழ 2 கோடித் தேடல்கள். யாருடைய பெயரும் அதில் இல்லை. பெயருக்குப் பதிலாக எண்கள் மட்டும் தரப்பட்டிருந்தன. நியூயார்க் டைம்ஸ் செய்தியாளர்கள் ஓர் எண்ணுக்கு உரியவர் தேடிய சொற்களை வரிசையாகப் படித்தார்கள். ஊர்ப் பெயர், உறவினர் பெயர், உடல் உபாதை என்று ஒவ்வொன்றாகக் கோர்த்து, அந்தப் பெண்மணியின் வீட்டு வாசலுக்கே போய் நின்றார்கள். அவர் எந்தத் தவறும் செய்தவர் அல்லர். ஏ.ஓ.எல். அந்த பைலை நீக்கியது. ஆனால் அதற்குள் பலர் காப்பி எடுத்து விட்டிருந்தனர்.

பெயர் தேவையே இல்லை என்பதை லட்டான்யா ஸ்வீனி என்ற கம்ப்யூட்டர் அறிஞர் 2000-ஆம் ஆண்டில் வேறு விதமாகக் காட்டினார். பிறந்த தேதி, ஆணா பெண்ணா, அஞ்சல் குறியீட்டு எண் ஆகிய மூன்றும் தெரிந்தால், அமெரிக்க மக்களில் 87 சதவீதம் பேரைத் தனியாக அடையாளம் காணும் வாய்ப்பு உள்ளது என்று அவர் கணக்கிட்டார். குலுக்கல் கூப்பன்களிலும், கடை உறுப்பினர் அட்டைகளிலும் நாம் யோசிக்காமல் நிரப்பும் கட்டங்கள் இவைதானே?

நம் நாட்டில் சட்டமும் இந்தப் பக்கம்தான் நிற்கிறது. 2017-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 24 அன்று, சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, அந்தரங்கம் என்பது அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. இதனைத் தொடர்ந்து டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் இயற்றப்பட்டது. அதற்கான விதிகள், படிப்படியாக நடைமுறைக்கு வரும் வகையில் 2025 நவம்பரில் வெளியிடப்பட்டன.

2. "இலவசம்தானே, போட்டு வைப்போம்!"

இலவசமாகக் கிடைக்கும் சாப்ட்வேர்கள் எல்லாம் மோசமானவை என்று சொல்ல முடியாது. வீடியோ பார்க்க உதவும் வி.எல்.சி. பிளேயரையும், கடிதம், கணக்கு தயாரிக்க உதவும் லிப்ரே ஆபீஸையும் லாப நோக்கமில்லாத அமைப்புகள் நன்கொடையின் துணையோடு தருகின்றன. இவற்றின் புரோகிராம் வரிகளை யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். இது ஒரு வகை இலவசம்.

இன்னொரு வகை உண்டு. அங்கே பணத்திற்குப் பதிலாக நம்மைப் பற்றிய தகவல் போகிறது. இதற்குச் சரியான எடுத்துக்காட்டு அவாஸ்ட் ஆன்டி வைரஸ் விவகாரம். உலகெங்கும் கோடிக்கணக்கான வீட்டுக் கம்ப்யூட்டர்களில் இந்த இலவச ஆன்டி வைரஸ் இருந்தது. இணையத்தில் உங்களைப் பின்தொடர்பவர்களைத் தடுப்போம் என்று விளம்பரமும் செய்தது. ஆனால், பயனாளர்கள் எந்தெந்தத் தளங்களுக்குச் சென்றார்கள் என்ற விவரத்தைத் திரட்டி, ஜம்ப்ஷாட் என்ற தன் துணை நிறுவனம் வழியாக 2014 முதல் 2020 வரை நூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு விற்றது என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டியது. செய்தி பத்திரிகைகளில் வெளியானதும் 2020 ஜனவரியில் ஜம்ப்ஷாட் மூடப்பட்டது. 2024 பிப்ரவரியில் அவாஸ்ட் 1 கோடியே 65 லட்சம் டாலர் செலுத்த வேண்டும் என்றும், பயனாளர்கள் பார்த்த தளங்களின் விவரங்களை விளம்பரத்திற்காக விற்கக் கூடாது என்றும் ஆணையம் அறிவித்தது. காவலுக்கு வைத்த ஆளே வீட்டுக் கணக்கை வெளியே சொன்ன கதை இது.

எனவே, எதையும் இன்ஸ்டால் செய்யும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். இதனைத் தயாரிப்பவருக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? செய்யும் வேலைக்குத் தேவையில்லாத அனுமதி எதையாவது கேட்கிறதா? இதே வேலையைச் செய்யும் வசதி விண்டோஸிலேயே உள்ளதா? மூன்றாவது கேள்விக்கு ஆன்டி வைரஸைப் பொறுத்தவரை விடை "ஆம்". விண்டோஸ் 10, 11 இரண்டிலும் மைக்ரோசாப்ட் டிபெண்டர் உடனேயே கிடைக்கிறது. பெரும்பாலான வீடுகளுக்கு அது போதும்.

3. "இன்காக்னிட்டோ போட்டுவிட்டேன், யாருக்கும் தெரியாது"

பிரவுசரில் கறுப்புத் தொப்பியும் கண்ணாடியும் போட்ட படத்தைப் பார்த்தவுடன், நாம் மாயமாகி விட்டோம் என்று பலர் நினைக்கிறார்கள். இந்த வசதி செய்யும் வேலை மிகச் சிறியது. அந்த விண்டோவை மூடியவுடன் நீங்கள் சென்ற தளங்களின் ஹிஸ்டரி, குக்கிகள், படிவங்களில் டைப் செய்தவை ஆகியவற்றை உங்கள் கம்ப்யூட்டரிலிருந்து அழித்துவிடும். அவ்வளவுதான். டவுன்லோட் செய்த பைல்கள் அப்படியே இருக்கும். நீங்கள் செல்லும் இணைய தளத்திற்கும், இன்டர்நெட் இணைப்பு தரும் நிறுவனத்திற்கும், அலுவலகக் கம்ப்யூட்டர் என்றால் அலுவலகத்திற்கும் நீங்கள் வந்து சென்றது தெரியும்.

இந்தக் குழப்பம் நீதிமன்றம் வரை சென்றது. இன்காக்னிட்டோவில் இருந்தபோதும் கூகுள் தங்களைப் பற்றிய தகவல்களைத் திரட்டியது என்று அமெரிக்காவில் 2020-ல் வழக்குத் தொடுக்கப்பட்டது. 2024 ஏப்ரலில் வெளியான சமரச விதிகளின்படி, பல நூறு கோடிப் பதிவுகளை அழிக்கவும், இன்காக்னிட்டோ பக்கத்தில் தரும் விளக்கத்தை மாற்றவும் கூகுள் ஒப்புக் கொண்டது.

அப்படியானால் இது பயனற்றதா? இல்லை. பிரவுசிங் சென்டரிலோ, நண்பர் வீட்டுக் கம்ப்யூட்டரிலோ இமெயில் பார்க்க வேண்டியிருந்தால் இன்காக்னிட்டோவைத் திறந்து பாருங்கள். வேலை முடிந்ததும் மூடிவிடுங்கள். உங்கள் அக்கவுண்ட் அடுத்தவர் கைக்குப் போகாது. ஒரே கம்ப்யூட்டரைப் பயன்படுத்தும் அடுத்தவரிடமிருந்து மறைப்பதற்காகத்தான் இது உருவாக்கப்பட்டது.

தளத்துக்குத் தளம் நம்மைப் பின்தொடரும் விளம்பரங்களைக் குறைக்க வேறு வழி உள்ளது. ஒரு கடையின் தளத்தில் மிக்ஸி பார்த்தால், பிறகு செய்தி படிக்கும் தளத்திலும் மிக்ஸி விளம்பரம் வருகிறது அல்லவா? இதற்குப் பெரும்பாலும் தர்ட் பார்ட்டி குக்கிகள் காரணம். நீங்கள் சென்ற தளம் அல்லாமல், அதில் இடம் பிடித்த விளம்பர நிறுவனம் உங்கள் பிரவுசரில் எழுதி வைக்கும் சிறு குறிப்பு இது. சபாரி பிரவுசர் 2020 முதல் இவற்றை முழுமையாகத் தடுக்கிறது. பயர்பாக்ஸ் 2022 முதல், ஒரு தளத்தில் எழுதிய குக்கியை இன்னொரு தளத்தில் படிக்க முடியாதபடி தனித்தனியே வைக்கிறது. குரோமில் நீங்களே சென்று தடுக்க வேண்டும். வழி கட்டுரையின் இறுதியில் உள்ளது.

4. "என் போன், என் இஷ்டம். நான் ஓ.கே. கொடுத்தால் அடுத்தவருக்கு என்ன?"

ஆறு வசனங்களில் அதிகம் யோசிக்க வேண்டியது இதுதான். உங்கள் போனில் உள்ள கான்டாக்ட்ஸ் பட்டியல் உங்களுடையதுதான். ஆனால் அதில் உள்ள எண்கள் உங்களுடையவை இல்லை. பால்காரர், குழந்தையின் டீச்சர், சித்தி, மேலதிகாரி என்று எல்லாரும் உங்களை நம்பிக் கொடுத்தவை. ஒரு ஆப் கேட்டவுடன் "அலவ்" அழுத்தும்போது, அவர்கள் அனைவருக்கும் சேர்த்து நீங்கள் கையெழுத்துப் போடுகிறீர்கள்.

2018-ல் வெளியான கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரத்தில் நடந்தது இதுவே. பேஸ்புக்கில் இருந்த ஓர் ஆளுமைத் தேர்வு ஆப், அதனை நிறுவியவர்களின் தகவல்களோடு அவர்களுடைய நண்பர்களின் தகவல்களையும் எடுத்துக் கொண்டது. இந்தியாவில் அந்த ஆப்பை நிறுவியவர்கள் 335 பேர்தான் என்று பேஸ்புக் தெரிவித்தது. ஆனால் தகவல் போயிருக்கக்கூடிய இந்தியர்களின் மொத்த எண்ணிக்கை 5 லட்சத்து 62 ஆயிரத்து 455. உலக அளவில் 8 கோடியே 70 லட்சம் வரை. பாதிக்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் அந்த ஆப்பின் பெயரைக் கூடக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். 2019-ல் அமெரிக்க வர்த்தக ஆணையம் பேஸ்புக்கிற்கு 500 கோடி டாலர் அபராதம் விதித்தது.

நம் ஊரில் இதன் கொடுமையான வடிவத்தைப் பார்த்தோம். 2020-ல் கொரோனா ஊரடங்கின்போது, ஐந்தே நிமிடத்தில் கடன் என்று சொல்லும் ஆப்கள் பெருகின. நிறுவும்போதே கான்டாக்ட்ஸ், போட்டோக்கள் அனைத்திற்கும் அனுமதி கேட்டன. தவணை தவறியதும், கடன் வாங்கியவரின் உறவினர்களுக்கும் உடன் வேலை செய்பவர்களுக்கும் போன் செய்து மிரட்டினார்கள். போட்டோவை ஆபாசமாக மாற்றி அனுப்பினார்கள். அவமானம் தாங்காமல் உயிரை விட்டவர்களும் உண்டு. ரிசர்வ் வங்கி அமைத்த குழு 2021-ல் ஆராய்ந்தபோது, சுமார் 1,100 கடன் ஆப்களில் 600 சட்ட விரோதமானவை என்று கண்டறிந்தது. 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட வழிகாட்டுதல்களின்படி, கடன் தரும் ஆப்கள் பைல்கள், கான்டாக்ட்ஸ், அழைப்பு விவரம் ஆகியவற்றைத் தொடக் கூடாது.

ஆகவே, அனுமதி கேட்கும் சிறு கட்டம் வரும்போது, அந்தப் பட்டியலில் இருப்பவர்கள் பக்கத்தில் நின்று பார்த்தால் சம்மதிப்பார்களா என்று ஒரு நொடி எண்ணிப் பாருங்கள். டார்ச் லைட் ஆப்பிற்கும் கால்குலேட்டருக்கும் உங்கள் சித்தியின் எண் எதற்கு? குழந்தைகளின் பள்ளிச் சீருடைப் படத்தை எல்லாரும் பார்க்கும்படி போடுவதும் இதே கணக்கில்தான் வரும். அந்தக் குழந்தையிடம் யாரும் கேட்கவில்லை.

5. "எல்லாரும் காப்பிதான் சார் போடுகிறார்கள்"

கம்ப்யூட்டர் விலையில் விண்டோஸின் விலையையும் சேர்த்தால் பட்ஜெட் தாண்டிவிடும். எனவே கடைக்காரரே "போட்டுத் தருகிறேன்" என்கிறார். வாங்குபவரைக் குறை சொல்லிப் பயனில்லை. விலை உண்மையிலேயே ஒரு பிரச்னை. ஆனால் விலை அதிகம் என்பதற்கும், எடுத்துக் கொள்ளலாம் என்பதற்கும் இடையே தூரம் இருக்கிறது. காப்பிரைட் சட்டத்தின் 63பி பிரிவு, திருட்டுக் காப்பி என்று தெரிந்தே ஒரு கம்ப்யூட்டர் புரோகிராமைப் பயன்படுத்துவதைக் குற்றமாகவே கருதுகிறது.

நம் நலனுக்கும் இது நல்லதில்லை. காப்பி விண்டோஸை இயங்க வைக்கும் கிராக் பைல், ஆன்டி வைரஸை நிறுத்தச் சொல்லும். நிறுத்துகிறோம். அந்தச் சில நிமிடங்களில் அது வேறு என்னென்ன செய்தது என்பதை நாம் அறிய வழியில்லை. அதே கம்ப்யூட்டரில்தான் பிறகு நெட் பேங்கிங் திறக்கிறோம்.

மாற்று வழி உண்டு. லைனக்ஸ் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தைச் செலவில்லாமல், சட்டப்படி எத்தனை கம்ப்யூட்டரில் வேண்டுமானாலும் போட்டுக் கொள்ளலாம். உபுண்டு, லைனக்ஸ் மின்ட் ஆகியவை புதியவர்களுக்கு எளிதானவை. சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லைனக்ஸ், தமிழ் உட்பட இந்திய மொழிகளுக்கு ஆதரவு தருகிறது. இன்டர்நெட், இமெயில், பாடல், வீடியோ, கடிதம் தயாரித்தல் ஆகியவற்றிற்கு மட்டும் பயன்படுத்தும் வீடுகளுக்கு இது தாராளமாகப் போதும். டாலி போன்ற ஒரு குறிப்பிட்ட விண்டோஸ் சாப்ட்வேரையே நம்பித் தொழில் செய்பவர் என்றால், ஒரிஜினல் விண்டோஸுக்கான செலவையும் தொழில் செலவாகக் கருதுங்கள். கம்ப்யூட்டர் வாங்கும்போதே லைசென்ஸுடன் உள்ள மாடலின் விலையையும் கேட்டு ஒப்பிட்டுப் பாருங்கள்.

6. "பழசைத் தள்ளிவிட்டுப் புதுசு வாங்கு"

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. பல பழைய கம்ப்யூட்டர்கள், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லாததால் விண்டோஸ் 11-ஐ ஏற்காது. எனவே நன்றாக ஓடும் கம்ப்யூட்டர்கள் கூடக் காயலான் கடைக்குச் செல்லத் தொடங்கின. வீட்டுப் பயனாளர்கள் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட்களைப் பெறும் திட்டம் ஒன்றை மைக்ரோசாப்ட் அறிவித்தது. லைனக்ஸ் போட்டால் அதே கம்ப்யூட்டர் இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும். ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. மாட்டினால் வேகமும் கூடும்.

ஐ.நா. அமைப்புகள் 2024-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-ஆம் ஆண்டில் உலகில் 6 கோடியே 20 லட்சம் டன் மின்னணுக் கழிவு சேர்ந்தது. இதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகக் கணக்கில் வந்தது 22.3 சதவீதம்தான். மீதியில் ஒரு பங்கு, தாமிரத்திற்காக ஒயரை எரிக்கும் தொழிலாளியின் நுரையீரலுக்குப் போகிறது. நாம் எடைக்குப் போட்டு வாங்கும் சில நூறு ரூபாயில் இந்தச் செலவு கணக்கிடப்படுவதில்லை. பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனத்திடமோ, தயாரிப்பு நிறுவனத்தின் சேகரிப்பு மையத்திலோ கொடுப்பதே சரியான வழி.

எப்படிக் கொடுத்தாலும், கொடுக்கும் முன் ஹார்ட் டிஸ்க்கைக் கவனியுங்கள். பைலை டெலீட் செய்து ரீசைக்கிள் பின்னையும் காலி செய்தால், ஹார்ட் டிஸ்க்கில் அந்த பைல் இருக்கும் இடத்தைக் காட்டும் குறிப்புதான் அழிகிறது. பைல், அதன் மேல் வேறொன்று எழுதப்படும் வரை அப்படியே இருக்கும். அமெரிக்காவில் எம்.ஐ.டி. மாணவர்கள் இருவர் 158 பழைய ஹார்ட் டிஸ்க்குகளை வாங்கி ஆராய்ந்து, 2003-ல் முடிவை வெளியிட்டனர். இயங்கிய 129-ல் 12 மட்டுமே சரியாக அழிக்கப்பட்டிருந்தன. மற்றவற்றில் கடிதங்கள், மருத்துவ விவரங்கள், ஆயிரக்கணக்கில் கிரெடிட் கார்டு எண்கள் கிடைத்தன.

விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ் சென்று, சிஸ்டம், ரெகவரி, ரீசெட் பிசி என்ற வரிசையில் செல்லுங்கள். ரிமூவ் எவ்ரிதிங் தேர்ந்தெடுத்து, சேஞ்ச் செட்டிங்ஸ் பிரிவில் கிளீன் டேட்டா என்பதை "யெஸ்" ஆக்குங்கள். நேரம் பிடிக்கும், பரவாயில்லை. தேவையான பைல்களை முன்பே பேக்கப் எடுத்துவிட மறக்காதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம்

மேலே சொன்னவற்றை ஒரே நாளில் மாற்ற வேண்டியதில்லை. கீழ்க்காணும் ஐந்தை மட்டும் வரும் ஞாயிறு அன்று செய்து பாருங்கள்.

1. விண்டோஸ் 11-ல் ஸ்டார்ட், செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி செல்லவும். ஆப் பெர்மிஷன்ஸ் பிரிவில் லொக்கேஷன், கேமரா, மைக்ரோபோன் ஒவ்வொன்றிலும் தேவையற்ற புரோகிராம்களை ஆப் செய்திடவும்.

2. குரோமில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, தர்ட் பார்ட்டி குக்கீஸ் சென்று தடுத்திடவும். ஏதாவது ஒரு தளம் சரியாகத் தெரியவில்லை எனில், அதற்கு மட்டும் அனுமதி தரலாம்.

3. பிரவுசரின் எக்ஸ்டென்ஷன்ஸ் பட்டியலைத் திறக்கவும். எதற்கு என்று தெரியாததை நீக்கிடவும்.

4. கூகுள் அக்கவுண்டில் வெப் அண்ட் ஆப் ஆக்டிவிட்டி பிரிவைத் திறந்து, ஆட்டோ டெலீட் வசதியில் 3 மாதம் என்று அமைத்திடவும்.

5. ஆண்ட்ராய்ட் போனில் பெர்மிஷன் மேனேஜர் சென்று, கான்டாக்ட்ஸ் அனுமதி பெற்றுள்ள ஆப்கள் எவை என்று பார்க்கவும். பட்டியலின் நீளம் உங்களுக்கு ஆச்சரியம் தரலாம்.

யாராவது மிரட்டினாலோ, பணம் பறிபோனாலோ தயங்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, பணத்தைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

இவற்றையெல்லாம் செய்தால் மட்டும் நம் தகவல்கள் முழுமையாக நம் கைக்குள் வந்துவிடும் என்று சொல்வதற்கில்லை. "ஒன்றும் செய்ய முடியாது சார்" என்ற அந்த அலுவலக நண்பருக்குச் சொல்ல அரை மணி நேர வேலை ஒன்றாவது நம்மிடம் இருக்கும். ஐந்தாவதை முடித்தவுடன், எத்தனை ஆப்களில் அனுமதியை நீக்கினீர்கள் என்று எண்ணி அவரிடம் சொல்லுங்கள். அவரும் தன் போனை எடுத்துப் பார்ப்பார்.